இறக்கம்

தட்டாதெரு தாண்டும்போதே
வாய்க்குள் போட்டு உருட்டத் தொடங்குவேன்.
இறக்கம்.
ஐந்தெழுத்து.
உருப்போட உருப்போட அர்த்தம் கழன்று
வெறும் உமிழ்நீராகிவிடும்.
உரக்கச் சொன்னால் மினிபஸ் முழுக்கத் திரும்பும்.
மெல்லச் சொன்னால் பாட்டுச்சத்தம் விழுங்கிவிடும்,
பிறகு இன்னொருதரம் சொல்லவேண்டிவரும்.
அதற்குள் கொக்குவில் சந்தி
யன்னலுக்கு வந்து
என்னைப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

தாவடியில் யாராவது சொல்வார்கள்.
அவர்களுடைய சொல்லில் நானும் இறங்குவேன்.
திரும்பி நடக்க இருபது நிமிடம்.
பதினொரு வருடம் இப்படி.
செருப்புக்கடைக்காரர்தான் என்னால் வாழ்ந்தார்.

போன புதன் இதை டொக்டருக்குச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை, எழுதினார்.
முதல் டொக்டர் சமூகப் பதற்றம் என்று சொல்லி
இரவில் அரைக் குளிசை தந்தவர்.
இவர், ஓட்டிசமாக இருக்கலாம் என்றார்,
முப்பத்தேழு வயதில்.
மதியிறுக்கம் என்று தமிழிலும்
தாளின் மூலையில் எழுதிக் காட்டினார்.

இறுக்கம், இறக்கம்.
ஒரு உகரந்தான் வித்தியாசம்.
மாறிச் சொன்னாலும்
கொண்டக்டர் பஸ்ஸை நிற்பாட்டத்தான் செய்வார்.

கேள்விகள் கேட்டார்.
சின்னனில் விளையாட்டுச் சாமான்களை
வரிசையாக அடுக்குவீங்களா?
அடுக்கினேன்.
கொடிகாமத்தில், பள்ளிக்கூட அறையொன்றில்,
எட்டுக் குடும்பங்களின் கால்களுக்கு நடுவில்
இருபத்தாறு சோடாமூடிகள்.
வேறென்ன கிடந்தது அடுக்க?
முகம் பார்த்துக் கதைக்கிறது கஷ்டமா?
சென்ரியில் முகம் பார்க்காதே என்று
அம்மா நுள்ளிய இடம்
முழங்கைக்குமேல் இன்னும் இருக்கிறது.
திடீர்ச் சத்தம் தாங்குமா?
டொக்டர், இந்த ஊரில்
ஆருக்குத் தாங்கும்?

அப்படிக் கேட்கவில்லை.
கொஞ்சம் கஷ்டம் என்றேன், மேசைக்கு.

ஆனால் தம்பி அகிலரூபன்,
அதே அறை, அதே நுள்ளு,
கலியாணவீடுகளில் மைக்கை விடமாட்டான்.
ரியூப்லைட் இரைவது
அவனுக்குக் கேட்பதேயில்லையாம்.
எனக்குக் காணிக் கந்தோரில்
ஆறு ரியூப்லைட்டும்
ஆறு விதமாக இரையும்.

அங்கே பழைய உறுதிகளைப் பார்த்தெழுதுவதுதான் வேலை.
கிழக்கே ஒழுங்கை, தெற்கே சின்னாச்சிப்பிள்ளை உரித்தாளர் காணி,
மேற்கே வாய்க்கால்.
தொண்ணூறு வருடத்துக்கு முந்தின
இரண்டு பரப்புக்குக்கூட
எல்லை சொல்ல ஆள் இருந்திருக்கிறார்.
எனக்குள் பயம் எந்த வேலியில் முடிகிறது,
பிறந்த மூளை எங்கே தொடங்குகிறது,
சண்டை எத்தனை குழியைப் பிடித்து வைத்திருக்கிறது,
அளக்கப் போனால்
கட்டைகள் எல்லாம் இடம்மாறிக் கிடக்கின்றன.

அம்மாவைக் கேட்கச் சொன்னார் டொக்டர்.
ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
சின்னனில் நான் எப்படி அம்மா?
"நீ கரைச்சல் தராத பிள்ளை.
பங்கருக்குள்ள உன்ர மூச்சே கேக்காது.
எல்லாரும் உன்னைத்தான் மெச்சுவினம்."
கொஞ்ச நேரம் திரை உறைந்து நின்றது.
"ஏன் பிள்ளை கேக்கிறாய்?"
சும்மா.

அந்தப் பதிலைத் தாளில் எந்தக் கட்டத்தில் போடுவது
என்று தெரியவில்லை.
தாள் கைப்பைக்குள்
நாலாய் மடிந்து கிடக்கிறது.
சில நாள் அது விடுதலைப் பத்திரம் போல,
என்னில் பிழையில்லை, நான் இப்படித்தான் என்று.
சில நாள் வேறு யாருடையதோ மருந்துச்சிட்டை
மாறி எடுத்துவந்ததுபோல.

இன்று பின்னேரம் மழை.
முன்சீற்றில் வெள்ளைச் சட்டைப் பெடியன் ஒருவன்,
பத்தாம் வகுப்பு இருக்கும்.
தட்டாதெருவிலிருந்து அவனுடைய உதடு
சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.
அந்த அசைவு எனக்குத் தெரியும்.
கொக்குவில் வந்தது.
அவன் வாய் திறந்தான்.
நானும் திறந்தேன்.
கொக்குவில் போனது.

தாவடியில் ஒரு மீன்கூடைக்காரி கத்தினா.
மூன்று பேர் இறங்கினோம்.
அவன் வீதியின் அந்தப் பக்கம்,
நான் இந்தப் பக்கம்,
வெள்ளத்துக்குள் ஒரே வேகத்தில் நடந்தோம்.
பேர் கேட்கவில்லை.
ஸ்டேசன் ஒழுங்கைக்குள் திரும்பமுன்
குடையைச் சாடையாய் உயர்த்தினான்.
என்னுடையதும் உயர்ந்தது,
ஒத்திகை பார்க்காமலே.